சமையலறைத் தரையில் இரண்டு பாதங்கள்

ஸ்கெல்பி, யார்க்‌ஷயர்
10 அக்டோபர் 1972, செவ்வாய்

அன்புள்ள எட்னா,

நீ பிரிட்லிங்டனில் இருக்கும் உன் தங்கை மேவிஸ் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாய் என்பது பஸ் கண்டக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "உன் வீட்டம்மா சனிக்கிழமை போறதுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தாங்கப்பா, திரும்பறதுக்கு வேணாம்னுட்டாங்க" என்று பஸ்ஸில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். மானம் போயிற்று.

முதலில் மன்னிப்பு. செய்தது தப்புதான். சமையலறைத் தரைக்கென்று ஒன்பது வருஷமாக நீ ஆசைப்பட்ட மஞ்சள் லினோலியம் விரிப்பு. வியாழக்கிழமை விரித்தார்கள். சனிக்கிழமை நீ சந்தைக்குப் போய்வருவதற்குள் அதன் நட்டநடுவில் நின்று என் இரண்டு பாதங்களையும் சுற்றிக் கறுப்புப் பெயிண்டில் கோடு போட்டுவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சாக்பீஸில் நான் போட்ட கோட்டை நீ மூன்று தடவை துடைத்தாயா இல்லையா? அதையும் யோசித்துப் பார். கோலால் பந்தைத் தட்டிப் பைக்குள் தள்ளிப் பழக, நம் வீட்டில் ஸ்நூக்கர் மேசைக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும் உயரம் சமையலறை மேசைக்குத்தான் இருக்கிறது. காலுக்கு அடியில் செங்கல் வைத்தால் சரியாக வருகிறது. அதன் பக்கத்தில்தான் நான் நிற்க வேண்டும். போன வருஷம் கோப்பைப் போட்டியில் கடைசிக் கறுப்புப் பந்தை நான் கோட்டை விட்டதிலிருந்து கிளப்பில் தலைகாட்ட முடியவில்லை. சேத் என்ன சொன்னான் தெரியுமா? "ஹாரஸ், நீ நிக்கிறதப் பாத்தா புயல்ல சிக்குன படகுல நிக்கிற மாதிரி இருக்கு. இந்த இருபத்தெட்டாம் தேதிப் போட்டிக்குள்ள ஒழுங்கா நிக்கக் கத்துக்க. இல்லேன்னா உனக்குப் பதிலா என் மச்சானை இறக்கிருவேன்." அணித்தலைவன் என்ற திமிர்.

நூலகத்திலிருந்து எடுத்த ஸ்நூக்கர் புத்தகத்தில் எல்லாம் படத்தோடு இருக்கிறது. வலது கால் தூண் மாதிரி விறைப்பாக. இடது கால் கொஞ்சம் முன்னே, முழங்கால் லேசாக மடங்கி. இடுப்பிலிருந்து குனிய வேண்டும். தாடை கோலைத் தொட வேண்டும். அந்த நிலை ஒரே ஒரு தடவை, சனிக்கிழமை காலை பத்தரைக்கு, எனக்குச் சரியாக அமைந்தது. மறந்துவிடுவேனோ என்று கைக்குக் கிடைத்த பெயிண்டை எடுத்துவிட்டேன்.

தகர டின் திறப்பான் எங்கே இருக்கிறது?

உன்
ஹாரஸ்


பிரிட்லிங்டன்
13 அக்டோபர், வெள்ளி

திரு. ஹாரஸ் ஹெய்க் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. திறப்பான் அடுப்புக்கு இடப்புறம் இரண்டாவது இழுப்பறையில், இருபத்தாறு வருஷமாக எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கிறது.

கோடு போட்டது எந்தப் பெயிண்டில் என்று தாங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். கரி அறைக் கதவுக்கு அடிக்கிற பெயிண்ட். மழை, வெயில், பனி எதற்கும் அசையாது என்று டப்பா மேலேயே போட்டிருக்கிறது.

மேவிஸ் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் பாத்திரம் கழுவும் தொட்டியை இங்கேயும் குள்ளர்களுக்குத்தான் கட்டியிருக்கிறார்கள். என் உயரத்துக்கு மடங்கி மடங்கி முதுகு விட்டுப்போகிறது. நம் வீட்டிலும் அதே கதைதான். தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தாங்கள் அந்தப் பக்கம் வந்தது பாதம் வரைவதற்கு மட்டும்தானே.

இப்படிக்கு,
எட்னா ஹெய்க்


ஸ்கெல்பி
16 அக்டோபர், திங்கள்

அன்புள்ள எட்னா,

இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் நீ என்னை 'அவர்கள்' போட்டு அழைத்ததில்லை. என் மேல் தட்டை வீசிய அன்றைக்குக்கூட 'நீ' என்றுதான் வீசினாய். கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருக்கிறது. மன்னித்துவிடு. மனசாரச் சொல்கிறேன்.

பாதம் வரைந்தும் எனக்கு அந்த நிலை திரும்ப வரவில்லை என்பதுதான் கொடுமை. கோட்டுக்குள் காலைச் சரியாக வைக்கிறேன். வலது கால் தூண் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் குனிந்ததும் தொந்தி கோலுக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. புத்தகத்தில் இருக்கும் கனவானுக்கு வயிறே கிடையாது, எட்னா. கழுத்தில் வில் மாதிரி ஒரு டை, அதற்குக் கீழே நேராகக் கால்சட்டை.

சரியான நிலையில் நிற்கிறோமா என்று கண்டுபிடிக்கப் புத்தகத்தில் ஒரு சோதனை சொல்லியிருக்கிறது. நண்பர் ஒருவரைத் தோளில் தள்ளச் சொல்ல வேண்டும். அசையாமல் நின்றால் சரி. வியாழக்கிழமை நம் சேப்பல் பாதிரியார் வந்தார். நீ போன செய்தி அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது.

"என்ன ஹாரஸ், வீட்டுல ஏதோ சரியில்லைன்னு கேள்விப்பட்டேன்?" என்றார்.

"ஆமாங்கய்யா, பாரமெல்லாம் முன்னாடி விழுது" என்றேன்.

"மனசுல இருக்கிற பாரத்தை இறக்கி வெச்சுரணும்ப்பா."

"மனசுல இல்லீங்கய்யா, இடது கால்ல. கொஞ்சம் தள்ளிப் பாக்குறீங்களா?"

மெல்லிய மனுஷர், ஆனால் கையில் நல்ல வலு. நான் போய்ப் பாத்திர அலமாரியில் விழுந்தேன். உன் அம்மாவின் குழம்பு ஜாடியில் பிடி மட்டும்தான் போயிற்று. ஜாடி அப்படியே இருக்கிறது. குழம்பு ஊற்றலாம், தூக்கத்தான் முடியாது.

கழுவும் தொட்டியைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. குனிகிற இடம் இடுப்பாக இருக்க வேண்டும், முதுகு அல்ல. பன்னிரண்டாம் பக்கம்.

உன்
ஹாரஸ்


பிரிட்லிங்டன்
19 அக்டோபர், வியாழன்

ஹாரஸ்,

ஜாடியைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. எழுதினால் தபால்காரர் கை சுட்டுவிடும்.

உன் மன்னிப்பை எண்ணிப் பார்த்தேன். மூன்று வரி. நாலாவது வரியில் முழங்காலுக்கு வந்துவிட்டாய். மன்னிப்புக் கேட்கும்போதுகூட உன் கால் மேசைப் பக்கம்தான் திரும்பி நிற்கிறது. மேவிஸ் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "அக்கா, இந்த ஆளு உன்னத் தேடுறாரா, இல்ல தன்னோட இடது காலத் தேடுறாரா?" என்று கேட்டாள்.

அந்த மஞ்சள் தரை எனக்கு என்னவென்று உனக்குத் தெரியுமா? அந்த வீட்டில் மற்றதெல்லாம் உன்னுடையது, உன் அம்மாவுடையது, அல்லது சுரங்கக் கம்பெனியுடையது. அது ஒன்றுதான் நான் கடையில் நின்று விரலை நீட்டி, "இது" என்று சொன்னது. இரண்டு நாள்தான் எனக்குச் சொந்தமாக இருந்தது.

எட்னா

பி.கு.: குனியும்போது பாரம் முழுதும் எந்தக் காலில் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதா? மேவிஸ் கேட்கிறாள். நான் இல்லை.


ஸ்கெல்பி
22 அக்டோபர், ஞாயிறு

அன்புள்ள எட்னா,

மேவிஸ் இதில் அக்கறை காட்டுவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவளிடம் சொல்: பாரம் இரண்டு காலிலும் விழ வேண்டும், முன்காலில் ஒரு கைப்பிடி கூடுதலாக. பின்கால் முட்டி பூட்டுப் போட்ட மாதிரி. முன்கால் பாதம் பந்து போகிற திசைக்கு நேராக. பின்கால் பாதம் கொஞ்சம் வெளியே திரும்பி. தோள் இறுகக் கூடாது. இரண்டு பக்கம் எழுதி, படமும் வரைந்து தனியாக வைத்திருக்கிறேன். ஆமாம், மேவிஸ் ஸ்நூக்கர் ஆட எங்கே போகிறாள்?

தரையைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். நேற்று டர்ப்பன்டைன் வாங்கி வந்து தேய்த்தேன். இடது கட்டைவிரல் ஓரத்தில் கொஞ்சம் போயிற்று. கூடவே மஞ்சளும் போயிற்று. நிறுத்திவிட்டேன். இப்போது சுவர் ஓரமாகவே நடந்துபோய் டீ போட்டுக்கொள்கிறேன். பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பை போட்டுவிடுகிறேன். ஒன்று ஆறிப்போகிறது.

புதன்கிழமை சாதாரண ஆட்டத்திலும் தோற்றேன். நேரே நின்ற சிவப்புப் பந்து, பைக்கு முன்னால் போய் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது. சேத் தன் மச்சானைக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டான். அவன் கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. நிலக்கரி வெட்டுகிற வேலை போய், இப்போது சுரங்கத்து விளக்கறையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கிறேன். இந்த ஆட்டமும் போய்விட்டால் நான் எதற்குச் சனிக்கிழமை முகச்சவரம் செய்ய வேண்டும், சொல்லு.

உன்
ஹாரஸ்


பிரிட்லிங்டன்
24 அக்டோபர், செவ்வாய்

ஹாரஸ்,

படம் வந்தால் மேவிஸ் பார்ப்பாள்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேள். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

கிளப்பில் ஸ்நூக்கர் அறை வாசல் தரையில் ஒரு பித்தளைப் பட்டை இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம்தான் பெண்கள் நிற்கலாம். தாண்டினால் மேசைத் துணி கெட்டுப்போகும் என்று உங்கள் கமிட்டிக்குப் பயம். ஆனால் சனிக்கிழமைகளில் முறை வைத்து சாண்ட்விச் செய்ய மட்டும் நாங்கள் வேண்டும். அந்தச் சமையலறை எங்கே இருக்கிறது? பாதி பூமிக்கு அடியில். தட்டு கொடுக்கிற ஜன்னல் எங்கே திறக்கிறது? உங்கள் அறையின் தரையோடு தரையாக. நீங்கள் குனிந்து தட்டை எடுத்துக்கொள்கிறீர்கள். உள்ளே யார் நிற்கிறார்கள் என்று ஒருத்தரும் பார்த்ததில்லை.

நாங்கள் பார்த்திருக்கிறோம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கால்தான். முகம் தெரியாது, பந்து தெரியாது. கால் நிற்கிறதைப் பார்த்தே பந்து விழுமா விழாதா என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். நான் சொன்னது அநேகமாகத் தப்பியதில்லை. சேத் தடுமாறும்போது வலது பூட்ஸின் குதிகால் ஆடும். பாவம், அவனுக்குத் தெரியாது.

அறுபத்தொன்றில் நீ கோப்பை ஜெயித்தாயே, அன்றைக்கு உன் எந்தக் காலும் தூண் மாதிரி இல்லை. இரண்டு முழங்காலும் நன்றாக மடங்கியிருந்தன. பாதம் இரண்டும் அகலமாக, இடது பெருவிரல் கணப்படுப்பைப் பார்த்து. ஏன் தெரியுமா? மூன்றடி உயரச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் மடங்கி மடங்கி வேலை செய்த உடம்பு. அதற்கு அதுதான் சௌகரியம். புத்தகத்தில் இருக்கும் கனவான் ஒருநாளாவது கரி வெட்டியிருக்கிறானா? நீ போன வருஷம் அந்தப் பந்தை ஏன் விட்டாய்? ஹேக்தார்ப் கிளப்காரன் நிமிர்ந்து அழகாக நிற்கிறான் என்று பார்த்து, நீயும் காலை நீட்டினாய். நான் அப்போதே முட்டையை மூடிவைத்துவிட்டு, "போச்சு" என்றேன்.

அப்புறம் இன்னொன்று. மூன்று கடிதம் எழுதினாய். திறப்பான் எங்கே என்று கேட்டாய், ஜாடி கதை சொன்னாய், டீ ஆறுகிறது என்றாய். 'வா' என்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

எட்னா


ஸ்கெல்பி
26 அக்டோபர், வியாழன்

எட்னா,

அவசரமாக எழுதுகிறேன். பூட்ஸை மட்டும் பார்த்துவிட்டு ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. புத்தகம் எழுதியவர் சாம்பியன். அவர் படம் போட்டு விளக்கியிருக்கிறார். நீ முட்டை நறுக்கிக்கொண்டே பார்த்தது. வருத்தப்படாதே, உள்ளதைச் சொன்னேன். கிளப் ஜன்னல் வழியாக இத்தனை வருஷம் என்னை வேவு பார்த்திருக்கிறாய் என்பதே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் போட்டி. சேத் எனக்குக் கடைசி வாய்ப்புக் கொடுத்திருக்கிறான். புத்தகப்படிதான் நிற்கப் போகிறேன்.

படம் இத்துடன்.

ஹாரஸ்


28 அக்டோபர், சனி
(முட்டை சாண்ட்விச் தட்டின் அடியில், மெழுகுத்தாளில்)

தோற்றுக்கொண்டிருக்கிறாய். முட்டி இரண்டையும் மடக்கு. இடது பெருவிரல் கணப்பைப் பார்க்கட்டும். தொந்தி அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

இன்று சாண்ட்விச் என் முறை. அதற்காகத்தான் வந்தேன். வேறு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே.


ஸ்கெல்பி
29 அக்டோபர், ஞாயிறு

என் எட்னா,

நீ பாதியில் போய்விட்டாய். மீதியை நான் சொல்லாவிட்டால் உனக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் தப்பாகச் சொல்வார்கள்.

தட்டு வந்தபோது ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தோம். கடைசி ஆட்டத்தில் மேசையில் பிங்க் பந்தும் கறுப்புப் பந்தும் மட்டும். இரண்டையும் நான் பைக்குள் போட்டால் கோப்பை எங்களுக்கு. ஒன்றை விட்டாலும் அவர்களுக்கு. சேத் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சாண்ட்விச்சைக் கடித்தேன். முட்டையில் கடுகு. ஊரில் வேறு யாரும் முட்டையில் கடுகு போடுவதில்லை. தட்டைத் திருப்பினேன், தாளைப் பார்த்தேன்.

அப்புறம் நான் செய்தது உனக்குத் தெரியாது. ஜன்னல் பக்கம் போய்த் தரையில் குப்புறப் படுத்தேன். நடுவர் பதறிவிட்டார். "யாராவது டாக்டரைக் கூப்பிடுங்கப்பா, ஆளு விழுந்துட்டாரு!" என்று சத்தம். இந்த வருஷமும் எதிராளியாக வந்த ஹேக்தார்ப்காரன் தண்ணீர் எடுத்து வந்தான். நான் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ எனக்கு முதுகைக் காட்டித் தொட்டியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாய். வலது கால் தூண் மாதிரி. இடது கால் ஒரு சாண் முன்னே, முழங்கால் லேசாக மடங்கி. இடுப்பிலிருந்து குனிந்திருந்தாய். முதுகு பலகை போட்டாற்போல் நேராக. பின்கால் பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது, எட்னா! பத்து மாசமாக நான் கண்ணாடி முன்னால் தேடிய நிலை, படத்தில் இருக்கும் கனவானே எழுந்து வணக்கம் சொல்கிற மாதிரி, முட்டைத் தட்டு கழுவிக்கொண்டு நின்றது. மேவிஸ் எதற்குக் கேட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேவிஸ் கேட்கவே இல்லை.

இருபத்திரண்டு வருஷமாக நீ அந்த ஜன்னல் வழியாக என்னைப் பார்த்திருக்கிறாய். நான் உன்னைப் பார்த்தது நேற்றுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுந்தேன். முட்டி இரண்டையும் மடக்கினேன். உட்காருவதற்கும் நிற்பதற்கும் நடுவில், பழைய சுரங்கத்து இடம். உடம்பு தானாக அங்கே போய் அமர்ந்துகொண்டது. பின்னால் யாரோ, "கோழி முட்டை போடப் போகுது" என்றான். பிங்க் ஓசையில்லாமல் பைக்குள் போயிற்று.

சந்தோஷத்தில் ஜன்னலைப் பார்க்கும்போது, கீழே பின்கதவுத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிரிட்லிங்டனுக்குத் திரும்பும் மூன்று ஐம்பது பஸ்.

கோலோடு ஓடினேன். சேத் கத்தினான்: "டேய் ஹாரஸ், கறுப்பு பாக்கி இருக்குடா! எங்கடா போற?"

"எட்னா போறாடா!"

"அவ எங்கயும் போயிர மாட்டா, நீ கறுப்பைப் போடு!"

"போயிட்டாளே, மூணு வாரமாப் போயிட்டாளே!" என்று நானும் கத்தினேன். சந்துமுனையில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. நீ வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாய், பச்சைத் தொப்பி. கோலை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டேன். நம் கண்டக்டர் மட்டும் திரும்பிக் கை காட்டினான்.

திரும்பி வந்தால் அங்கே பெரிய வாக்குவாதம். மேசையை விட்டு வெளியே போனவன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவன் என்கிறான் ஹேக்தார்ப்காரன். நடுவர் விதிப்புத்தகத்தை இரண்டு தடவை புரட்டினார். இருமல், தும்மல், மின்வெட்டு எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. மனைவி பின்னால் ஓடியவனுக்கு விதி இல்லை. "ஆடுப்பா" என்றுவிட்டார்.

ஆடினேன். கறுப்பு விழுந்தது. கோப்பை இப்போது சமையலறை மேசைமேல், செங்கல்லோடு சேர்ந்து இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசிப் பந்துக்கு நான் எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாரையும் கேட்டுவிட்டேன். பந்தைப் பார்த்தோம் என்கிறார்கள், கோலைப் பார்த்தோம் என்கிறார்கள். என் காலை ஒருத்தனும் பார்க்கவில்லை. இந்த ஊரில் என் காலைப் பார்க்கிற ஒரே ஆள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

அந்தத் தரை உன்னுடையது, எட்னா. உன்னைக் கேட்காமல் அதில் கால் வைத்தேன். சாக்பீஸ் கோட்டை நீ துடைத்தாய் என்று உன்மேலேயே பழி போட்டேன். சேத்துக்குப் பயந்தது உண்மை, புத்தகம் உண்மை, ஆனால் அதெல்லாம் காரணம் ஆகாது. உன் பொருளை உன் பொருளாக நான் நினைக்கவே இல்லை. அதுதான் தப்பு. மன்னித்துவிடு. இந்தத் தடவை நாலாவது வரியில் முழங்கால் இல்லை, எண்ணிப் பார்த்துக்கொள்.

வீட்டுக்கு வா. டீ இரண்டு கோப்பைதான் போடுவேன், எனக்கு ஒன்று மட்டும் போடத் தெரியவில்லை. வா.

உன்
ஹாரஸ்

பி.கு.: குதிகால் விஷயத்தை சேத்திடம் சொல்லிவிட்டேன். உன் முறை அடுத்து எந்தச் சனிக்கிழமை என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டான். பூட்ஸுக்கு பாலிஷ் போட்டு வைத்திருக்கிறான். அவன் மச்சானும்தான்.


பிரிட்லிங்டன்
1 நவம்பர், புதன்

அன்புள்ள ஹாரஸ்,

எண்ணிப் பார்த்தேன். நாலாவது வரியில் முழங்கால் இல்லை.

பச்சைத் தொப்பி மேவிஸுடையது, இரவல் வாங்கிப் போட்டிருந்தேன். நீ சந்துமுனையில் கோலை ஆட்டிக்கொண்டு நின்றதை நானும் பார்த்தேன். பஸ்ஸில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். "இந்தாளு ஆடு மேய்க்கிறாரா?" என்று ஒரு அம்மா கேட்டாள். எனக்குத் தெரியாத ஆள் என்று சொல்லிவிட்டேன்.

சேத்திடம் சொல், பித்தளைப் பட்டையைக் கழற்றினால்தான் அவன் குதிகாலைப் பார்ப்பேன். இனிமேல் ஜன்னல் வழியாகப் பார்ப்பதாக இல்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன்.

நான் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை கிளப்புக்குப் போகுமுன் வீட்டுக்குப் போனேன். சாவி கரிவாளிக்கு அடியில்தானே இருக்கும். தரை முழுக்கச் செய்தித்தாள் விரித்து, சுவர் ஓரமாக மட்டும் நடந்த தடம். தாளைத் தூக்கிப் பார்த்தால் டர்ப்பன்டைன் போட்ட இடம் சொறி பிடித்த மாதிரி. இரண்டு கோப்பை, ஒன்றில் ஆறிப்போன டீ. தாளை விலக்கி, ஷூவைக் கழற்றிவிட்டு, உன் பாதங்கள் மேல் நின்று பார்த்தேன். எனக்குப் பெரிது. அதோடு நீ தொட்டியை விட்டு ஆறடி தள்ளி வரைந்திருக்கிறாய். அங்கே நின்று யாருக்கு என்ன லாபம்?

இருபத்தாறு வருஷ முதுகுவலி, பத்து நாளாக இல்லை. மேவிஸ் வீட்டுத் தொட்டி முன்னால் நின்றால்கூட வலிப்பதில்லை. உன் புத்தகத்துக்காரனுக்கு நன்றி சொல்லலாம். அவன் எழுதியது உனக்கு இல்லை, எனக்கு.

வெள்ளிக்கிழமை பதினொன்று இருபது பஸ்ஸில் வருகிறேன். கண்டக்டரிடம் சொல்லி ஊரைக் கூட்டாதே.

கரி அறைப் பெயிண்ட் மிச்சம் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஒரு சின்ன டப்பா வாங்கி வை. தொட்டி முன்னால் நான் நிற்பேன். என் பாதத்தைச் சுற்றி நீ கோடு போட வேண்டும். இடத்தை நான் காட்டிய பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

தரையில் மண்டியிட்டுத்தான் வரைய முடியும். முட்டி இரண்டையும் மடக்கு.

எட்னா